நான் எதையும் பிடித்து வைக்கவில்லை

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி என் கணினி என் மேல் ஒரு பழியைப் போட்டது. ஆங்கிலத்தில்தான் போட்டது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "கோளாறுகளைச் சரிசெய்ய முடியவில்லை, நீங்கள் உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்." உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த வரி புதிதில்லை. எனக்கும் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஏனோ சுருக்கென்று தைத்தது. நான் எதைப் பிடித்து வைத்தேன்? பேக்கேஜ் என்றால் நிறுவுவதற்காகக் கட்டிய மென்பொருள் பொட்டலம். ஒரு பேக்கேஜைப் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைக்க 'ஹோல்டு' என்று ஒரு வசதி உண்டு. பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட்டிடம், அப்படி நிறுத்தியவற்றைக் காட்டச் சொல்லி 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' என்று அடித்தேன். ஒரு வரிகூட வரவில்லை. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. எடுக்காத பொருளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

நான் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுத்துப் பிழைக்கிறேன். பேட்டி, கருத்தரங்கு, யாராவது தாத்தாவின் நினைவுகள், எதுவானாலும் சரி. முன்பெல்லாம் காதில் ஹெட்போனும் காலில் பெடலுமாக ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேரம் உட்காருவேன். 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற பேச்சறியும் மாடல் இலவசமாக வெளிவந்த பிறகு வேலை தலைகீழாக மாறிவிட்டது. முதல் வரைவை அது போட்டுத் தரும், நான் உட்கார்ந்து திருத்துவேன். தமிழுக்கு அதன் பெரிய மாடல்தான் ஓரளவு உருப்படி. அதை ஓட்ட கிராபிக்ஸ் கார்டில் 10 ஜிபி நினைவகம் வேண்டும். அதற்காகவே கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் 12 ஜிபி உள்ள என்விடியா 3060 கார்டு போட்டு ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணி வாங்கினேன். வேளச்சேரி வீட்டின் உள்ளறையில், தரையில் வைக்காமல், மேசைமேல்தான் வைத்திருக்கிறேன். வெள்ளம் பார்த்த வேளச்சேரிக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் கையில் இருந்தது எண்ணூர்ப் பக்கத்து மீனவப் பெண்களிடம் எடுத்த பேட்டிகள், 14 மணி நேரம். மறுநாள் காலையில் ஆரம்பிக்கலாம் என்று திட்டம். நல்ல காரியம் தொடங்குமுன் வீட்டைப் பெருக்குவதுபோல, கணினியையும் ஒரு முறை அப்டேட் பண்ணிவிடலாமே என்று தோன்றியது. எட்டு மாதமாக அதைத் தொட்டதில்லை. தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்தி வைத்திருந்தேன். வேலியில் போகிற ஓணான் கதைதான். முந்நூற்றுச் சொச்சம் பேக்கேஜ்கள் இறங்கின. ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டு வந்தவை ஓரிடத்தில் சிவப்பாக எதையோ கக்கிவிட்டு நின்றன. சரி, அப்புறம் பார்ப்போம் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். வெளியே மழை வெளுத்து வாங்கியது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பத்து நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது. கரண்ட் வந்து பட்டனை அமுக்கினால் உபுண்டு சின்னம் வந்தது, போனது, அப்புறம் வெறும் கருப்பு.

"பார்மட் அடிச்சிடுங்க மேடம்"

ரிச்சி தெருக் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "பார்மட் அடிச்சிடுங்க மேடம், 40 நிமிஷம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இருபது பெட்டியைப் பார்க்கிறவருக்கு அதுதான் நியாயமான மருந்து. சென்னையில் கணினிக்கு என்ன வந்தாலும், வைரஸோ ஸ்லோவோ பிரிண்டர் வேலை செய்யவில்லையோ, கடைசியில் எல்லாரும் போய்ச் சேருகிற இடம் பார்மட்தான். எட்டு மாதத்துக்கு முன் இதே கருப்புத் திரை வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு, உபுண்டு 22.04-ஐப் புதிதாகப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் உபுண்டு சிடி தபாலில் இலவசமாக வரும். 2011-இல் அதை நிறுத்திவிட்டார்கள். தபால்காரர் ஒரு நாள் அந்த அட்டை உறையைக் கொடுத்துவிட்டு, "ஃபாரின்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். அந்த சிடியை எத்தனை தடவை போட்டு எத்தனை தடவை அழித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எது கெட்டாலும் திரும்பப் போடு. அப்போது இழக்க ஒன்றுமில்லை, நேரமும் கொட்டிக் கிடந்தது. அந்தப் பழக்கம் பதினைந்து வருடமாகக் கூடவே வந்திருக்கிறது. எனக்கு லினக்ஸ் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதி, லினக்ஸைத் திரும்ப நிறுவத் தெரியும் என்பதுதான்.

இந்தத் தடவையும் பென் டிரைவைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். கல்லூரிக்காக என் வீட்டில் தங்கிப் படிக்கும் அக்கா மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, போன தடவ பார்மட் பண்ணப்ப, இனிமே வராதுன்னுதான சொன்ன?" என்றாள்.

"அது வேற. இது கரண்ட் போனதால வந்தது."

"கரண்ட் போகுறதுக்கு முன்னாடியே ஏதோ செவப்பா வந்துச்சே. நீ பாத்துட்டுதான சமைக்க வந்த?"

சின்னப் பிள்ளைகள் கண்ணில் எல்லாம் பட்டுவிடும். பென் டிரைவைக் கீழே வைத்தேன். ஆனால் உடனே ஞானம் வந்துவிடவில்லை. முதலில் இன்னொரு முட்டாள்தனம் பாக்கி இருந்தது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கருப்புத் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் எழுத்துத் திரை எட்டிப் பார்க்கும். கிராபிக்ஸ் எல்லாம் செத்துப் போனாலும் பெரும்பாலும் அந்த ஜன்னல் திறக்கும். அங்கே நுழைந்து போனில் தேடித் தேடிக் கிடைத்ததையெல்லாம் அடித்தேன். பாதியில் நின்றதை முடிக்கச் சொல்லும் கட்டளை. உடைந்ததை ஒட்டச் சொல்லும் கட்டளை. தேவையில்லாததைத் துடைக்கச் சொல்லும் கட்டளை. ஒவ்வொன்றும் அதே பழியில் வந்து முடிந்தது. என்விடியாவின் ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று குறிப்பிட்ட ஒரே பதிப்பில் வேண்டுமாம், ஆனால் வேறு பதிப்புதான் கிடைக்குமாம். அதற்கும் மேலே அந்தச் சிவப்பு வரி: கார்டுக்குள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளின் கோப்பு ஒன்றை இந்தப் பேக்கேஜ் எழுதப் பார்க்கிறது, அந்தக் கோப்பு ஏற்கெனவே வேறொரு பேக்கேஜுக்குச் சொந்தம்.

இந்த வரியைத் தேடினால் பத்தில் ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். 'ஃபோர்ஸ்-ஓவர்ரைட்' போடு. அதாவது யாருடைய கோப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் மேலேயே எழுது. நானும் போட்டேன். சிவப்பு வரி மறைந்தது! இரண்டு நிமிட சந்தோஷம். அப்புறம் அடுத்த பேக்கேஜில் அதே கதை. அப்போது எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆப்ட்டுக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி, எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. வலுக்கட்டாயமாக எழுதச் சொன்னால் சொந்தக்காரன் பெயரை அடித்துவிட்டுப் புதியவன் பெயரைப் போட்டுக்கொள்கிறது. நாளைக்குப் புதியவனை நீக்கினால் கோப்பும் அவனோடு போய்விடும். பழையவன் தன் வீட்டுக்குள் நடுச்சுவர் இல்லாமல் நிற்பான். தாம்பரத்தைத் தாண்டி மனை வாங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் இருக்கிறது என்று தெரிந்ததும், இரண்டாவதைப் பதிந்து முடித்துவிடு என்று சொல்வதுதான் இந்த வைத்தியம்.

நள்ளிரவு வாக்கில் ஆப்ட் தானே ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. நீக்கப்போகும் பேக்கேஜ்களின் நீளமான பட்டியல், கடைசியில் ஆமாவா இல்லையா என்ற கேள்வி. தூக்கக் கலக்கத்தில் விரல் 'ஒய்' எழுத்தின் மேல் போய்விட்டது. பட்டியலின் நடுவில் உபுண்டு டெஸ்க்டாப் என்ற பெயர் கண்ணில் பட்டதும் கையை எடுத்துவிட்டேன். 2021 நவம்பரில் உலகத்துக்கே தெரிந்த ஒரு யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போய், இதே மாதிரி எச்சரிக்கையைத் தாண்டி, 'ஆமாம், நான் சொன்னபடி செய்' என்ற வாசகத்தை முழுதாக அடித்து, மொத்த டெஸ்க்டாப்பையும் காலி செய்த கதை ஞாபகம் வந்தது. அப்போது அந்த வீடியோவைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் செய்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அந்த நள்ளிரவில் புரிந்தது. இருபதாவது எச்சரிக்கையைப் படிக்கும் தெம்பு யாருக்கும் இருக்காது.

600

காலையில் எழுந்ததும் அக்கா மகள் காபியோடு போனையும் நீட்டினாள். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழு. "கரண்ட் போச்சா? எல்லாருக்குமா?" என்று மூன்றாவது மாடி மாமி கேட்டது இரவு 8:03. அதுவரை வராத புத்தி அந்த நேரத்தைப் பார்த்ததும் வந்தது. கணினியிலும் நேரம் பதிவாகியிருக்குமே? ஆப்ட் தான் செய்ததையெல்லாம் ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கிறது, திரையில் ஓடிய வரிகள் உட்பட. திறந்து பார்த்தேன். தொடங்கியது 7:21. சிவப்பு வரி. முடிந்தது 7:38. கரண்ட் போக இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. கரண்ட் செய்தது ஒன்றே ஒன்று. கணினியை அணைத்துத் திரும்ப எழுப்ப வைத்து, ஏற்கெனவே உடைந்திருந்ததை எனக்குக் காட்டியது.

பழி போட ஆள் இல்லாமல் போனதும்தான் செய்தியைப் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை படிக்கவில்லை, தேடத்தான் செய்தேன். ஒரு வரியை அப்படியே நகலெடுத்துத் தேடுவதும் அதைப் படிப்பதும் வேறு வேறு வேலை. ஒரே பேக்கேஜ் இரண்டு பதிப்பில் கிடைக்கிறது என்றால், இரண்டு எங்கிருந்து வருகிறது? அதைக் கேட்கவும் ஒரு கட்டளை இருக்கிறது, 'ஆப்ட்-கேஷ் பாலிசி'. எதையும் மாற்றாது, எதையும் நீக்காது, கேட்டதைச் சொல்லும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அடித்த நாற்பது கட்டளைகளில் இப்படிச் சும்மா கேட்கும் கட்டளை ஷோஹோல்டைத் தவிர ஒன்றுகூட இல்லை.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயரைக் கொடுத்து அடித்தேன். அதே பெயர், அதே 535 வரிசை, இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, பேக்கேஜ்கள் இறங்கிவரும் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியம். பக்கத்தில் 500 என்ற எண். இன்னொன்று, கிராபிக்ஸ் கார்டில் கணக்கு ஓட்ட உதவும் குடா என்ற மென்பொருளுக்காக என்விடியா வைத்திருக்கும் களஞ்சியம். பக்கத்தில் 600.

500 என்பது ஆப்ட் சாதாரணமாக எந்தக் களஞ்சியத்துக்கும் கொடுக்கும் முன்னுரிமை. அப்படியானால் 600 எங்கிருந்து வந்தது? ஆப்ட்டின் முன்னுரிமைக் கோப்புகள் இருக்கும் அடைவுக்கு, அதாவது ஃபோல்டருக்கு, போனேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. பெயரின் வாலிலேயே 'பின்-600' என்று இருந்தது. அந்தக் களஞ்சியத்திலிருந்து எது வந்தாலும் 600 மதிப்பெண் கொடு என்று உள்ளே எழுதியிருந்தது. இதை யார் கொண்டுவந்து வைத்தது? டெர்மினல் ஹிஸ்டரியில் தேடினேன். கிடைத்தது. கோப்பை இறக்கியதும், அந்த அடைவுக்கு நகர்த்தியதும், 600 என்ற எண்ணோடு சேர்த்து, என் கையால் அடித்த வரிகள். ஆப்ட்டின் பழைய லாக் கோப்புகளைக் கணினி அவ்வப்போது சுருட்டி, சுருக்கி வைத்திருக்கும். அவற்றில் ஒன்றைப் பிரித்தால், பார்மட் அடித்த மறுநாள் தேதியில் குடா-டூல்கிட் நிறுவிய கட்டளை, அதன் கீழே 'கேட்டவர்' என்ற இடத்தில் என் பயனர் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பயனர் எண் 1000. அந்தக் கணினியில் 1000 நான்தான்.

இங்கேதான் எனக்கு முகம் சிவந்தது. முதல் தடவை கெட்டதற்குக் காரணம் 'குடா' என்ற மொத்தப் பேக்கேஜை நிறுவியது என்று அப்போதே யாரோ சொல்லியிருந்தார்கள். அது டிரைவரையும் இழுத்துக்கொண்டு வரும். 'குடா-டூல்கிட்' என்று கேட்டால் டிரைவரைத் தொடாது. அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டு, பார்மட்டுக்குப் பிறகு அதே வழிகாட்டியின் அதே ஐந்தாறு வரிகளை ஒட்டும்போது, கடைசி வரியில் மட்டும் 'டூல்கிட்' என்று திருத்தியிருக்கிறேன். முதல் வரி என்ன செய்கிறது என்று பார்க்கவே இல்லை. 600 என்று என் விரலே அடித்திருக்கிறது, எது 600, எதற்கு 600 என்று மனசு கேட்கவில்லை. எட்டு மாதம் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அப்டேட் பண்ணவில்லை, அதுதான் காரணம்.

களஞ்சியம் இரண்டாக இருப்பதில் தப்பில்லை. குடா வேலைக்காகவே அந்தக் களஞ்சியத்தை வைத்துக்கொண்டு, டிரைவரையும் அங்கிருந்தே வாங்கி, நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். நான் டிரைவரை உபுண்டுவிடம் வாங்கிவிட்டு, டூல்கிட்டை அங்கே வாங்கி, இனி எல்லாவற்றுக்கும் அங்கேயே முதல் மரியாதை என்றும் எழுதிக் கொடுத்திருந்தேன். பதிப்பெண்ணின் வாலைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. உபுண்டுவின் பேக்கேஜ் '0உபுண்டு0.22.04.1' என்று முடிகிறது. மற்றது '0உபுண்டு1'. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே டிரைவர். ஆனால் இடமிருந்து ஒப்பிட்டுக்கொண்டு வரும் டிபிகேஜிக்கு உபுண்டு என்ற சொல்லுக்கு அப்புறம் வரும் 1 பெரியது, 0 சின்னது. ஆக 600 இல்லாவிட்டாலும், டிரைவர் எண் ஒன்றாக இருக்கும் நாளில் அதுவே ஜெயித்திருக்கும்.

இரண்டு இடத்திலும் பெயர் ஒன்று, பிரித்துக் கட்டிய விதம் வேறு. உபுண்டு ஃபர்ம்வேரைத் தனிப் பொட்டலமாகக் கட்டுகிறது. என்விடியா அதை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கான பொதுப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்திருந்தது. இரண்டும் வட்டில் ஒரே இடத்துக்கு வந்து இறங்கின. மோதல் அங்கே ஆரம்பம். மற்ற மென்பொருளாக இருந்தால் ஒன்றிரண்டு பதிப்பு முன்னே பின்னே இருந்தாலும் ஓடும். கிராபிக்ஸ் டிரைவர் அப்படி ஓடாது. கெர்னலுக்குள் உட்காரும் மாட்யூலும் வெளியே இருக்கும் லைப்ரரிகளும் கடைசிப் புள்ளி வரை ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை' என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று 'இதைவிடப் புதிது' என்று கேட்காமல் 'இதேதான்' என்று கேட்கின்றன. இருபது பேர் கைகோத்து நிற்கிற வட்டத்தில் எட்டுப் பேரை மட்டும் மாற்றினால் யார் கை யார் கையில் இருக்கும்?

கருப்புத் திரைக்கும் இதுதான் விளக்கம். என்விடியா டிரைவர் நிறுவும்போது, கெர்னலோடு வரும் நூவோ என்ற திறந்த டிரைவரை ஏற்ற வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கும். பழைய வாடகைக்காரனைக் காலி பண்ணியாயிற்று, புதியவன் படியேறி வரும்போது பாதியில் விழுந்துவிட்டான்.

லினக்ஸ்காரர்களுக்கும் இந்த கார்டுக்கும் உள்ள பழைய பகையை நான் விரிக்கப் போவதில்லை. 2012-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைச் சொல்லி, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது எல்லாரும் பார்த்ததுதான். 2022 மே மாதத்தில் அதே நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் வீட்டில் நடந்ததற்கு இரண்டுமே காரணமில்லை. யாரும் என் கணினிக்குள் வந்து எதையும் வைக்கவில்லை.

பிரித்தெடுத்தது

காரணம் தெரிந்த பிறகு வேலை சுருங்கிவிட்டது. பின்-600 கோப்பையும் களஞ்சியத்தின் முகவரி இருந்த கோப்பையும் என் ஹோம் அடைவுக்கு நகர்த்தினேன். அழிக்க மனசு வரவில்லை. 'ஆப்ட் அப்டேட்' ஓட்டிவிட்டு மறுபடி பாலிசி கேட்டேன். 600 போய்விட்டது. டிபிகேஜியிடம் என்விடியா பெயர் உள்ள எல்லாவற்றையும் பட்டியலிடச் சொன்னேன். வரியின் தொடக்கத்தில் 'ஐஐ' என்று இருந்தால் நலம். 'ஐயூ' என்றால் பிரித்துப் போட்டதோடு நிற்கிறது, அமைக்கவில்லை. என் பட்டியலில் இரண்டும் கலந்து கிடந்தன. பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அக்கா மகள் ஒவ்வொன்றாக வாசிக்க நான் டிக் போட்டேன். ஆப்ட் இந்த நிலையில் எதையும் நீக்க மறுத்தது, அதன் கணக்கு இன்னும் சரியாகவில்லையே. அதனால் டிபிகேஜியிடமே நேரடியாகப் பெயர்களைக் கொடுத்து நீக்கினேன். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் ஒரே அடியாக வாரிப்போடச் சொல்லும் குறுக்குவழி உண்டு, பலர் செய்வதும் அதுதான். முந்தைய ராத்திரி 'ஒய்' மேல் போன விரலை நான் இன்னும் நம்பவில்லை.

அதன் பிறகு உடைந்ததை ஒட்டும் கட்டளை முதல் தடவையாக முனகாமல் முடிந்தது. ரீபூட் செய்தேன். டெஸ்க்டாப் வந்தது! நூவோ தடையும் நீங்கிவிட்டதால் அதுவே ஏறி உட்கார்ந்து திரையைத் தந்திருந்தது. 2010-இலிருந்து கெர்னலோடு வருகிற டிரைவர் அது. நான் பார்க்கும் வேலைக்கு உதவாது, ஆனால் அந்தக் காலையில் அதைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அப்புறம் உபுண்டுவின் டிரைவர் கருவியிடம் பொருத்தமானதை நீயே போடு என்றேன். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தது. இன்னொரு ரீபூட். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்தால் அந்தப் பழகிய கட்டம், கார்டின் பெயர், வெப்பம் 41 டிகிரி.

கடைசியாக ஒரு அவமானம் மிச்சமிருந்தது. டூல்கிட்டை இனி எங்கிருந்து போடுவது என்று யோசித்தபடி, சும்மா ஒரு தடவை விஸ்பரை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. விஸ்பருக்கு அடித்தளமான பைடார்ச்சை, பைதான் நிறுவியான பிப் வழியாக நிறுவும்போதே தனக்கு வேண்டிய குடா லைப்ரரிகளையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. கணினியில் டிரைவர் மட்டும் இருந்தால் போதும். ஆக அந்தக் களஞ்சியமும், 600-ம், சில ஜிபி டூல்கிட்டும், ஒரு பார்மட்டும், ஒரு ராத்திரித் தூக்கமும் எனக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்காகப் போனவை.

ரிச்சி தெருக் கடைக்காரரிடம் அடுத்த வாரம் ஒரு கேபிள் வாங்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மேடம், உங்களுக்கு ஒரு ராத்திரி ஒரு பகல் ஆச்சு. நம்மகிட்ட குடுத்திருந்தா 40 நிமிஷம்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. பார்மட்டுக்கு அப்புறம் நான் அதே வரிகளைத்தான் மூன்றாவது தடவையும் ஒட்டியிருப்பேன் என்றேன். "அப்ப மறுபடி கொண்டு வருவீங்க, அவ்ளோதானே" என்று சிரித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் தீராதது அந்த முதல் வரிதான். கணினியியல்காரர்கள், பேக்கேஜ்களுக்குள் உள்ள இந்தத் தேவை-முரண் கணக்கைப் பொதுவாகத் தீர்ப்பது மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களுக்குள் எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு கூட்டணியைத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. ஆப்ட் ஓரளவு தேடிப் பார்த்துவிட்டுக் கைவிடும்போது சொல்கிற வாசகம் அது. என் விஷயத்தில் 'ஹோல்டு' பட்டியல் காலி என்பதும் உண்மை. அது பொத்தாம் பொதுவாகச் சொல்லும் வரி, என்னைக் குறித்தது இல்லை என்று என் நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த ஹோம் அடைவைத் திறக்கும்போதெல்லாம் பின்-600 கண்ணில் படுகிறது.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு முதல் பேட்டியைப் போட்டேன். கார்டின் விசிறி மெல்ல ஏறியது. வெளியே மழை விட்டிருந்தது. எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா, கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் சின்ன வயதில் இறால் தடவிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின. "அப்பல்லாம் முகத்து வாரம் ஆழமா இருக்கும்" என்று வந்தது. முகத்தையும் வாரத்தையும் சேர்த்து ஒட்டி முகத்துவாரம் ஆக்கிவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.